தண்ணீர் ரிப்போர்ட் மட்டும் போதாது

எண்ணூர் முகத்துவாரத்தில் காலையில் ஒரு பாட்டில் தண்ணீர், மாலையில் ஒரு பாட்டில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. கடல் ஏற்றத்தின்போது உள்ளே வரும் கடல்நீர் எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடும். அதோடு ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம் போன்ற கன உலோகங்கள் தண்ணீரில் அதிக நாள் தங்குவதும் இல்லை. நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். அதனால் ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில் 'நீரின் தரம் வரம்புக்குள் உள்ளது' என்ற வரியைப் படித்தால் நான் அடுத்துத் தேடுவது சேற்றைப் பற்றிய பக்கத்தை.

அந்தச் சேற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் வாழ்கின்றன. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னவை. இவற்றில் பல, நீரிலுள்ள கால்சியத்தை எடுத்து, அறைமேல் அறையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். காட்மியம் அயனி அளவில் கால்சியத்துக்கு நெருக்கமானது. ஓடு கட்டும்போது அதன் இடத்தில் இது புகுந்துவிடும். உயிர் போனாலும் ஓடு அங்கேயே கிடக்கும்.

வேலை எளிமையானதுதான், பொறுமை வேண்டும். சேற்றின் மேல் 1 சென்டிமீட்டரை மட்டும் வழித்தெடுத்து, ரோஸ் பெங்கால் சாயம் கலந்த ஆல்கஹாலில் இரண்டு வாரமாவது ஊறவைப்போம். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் மெதுவாக அலசி, உலர்த்தி, கறுப்புத் தட்டில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். எடுத்த நேரத்தில் உயிரோடு இருந்தவை இளஞ்சிவப்பாகத் தெரியும். எண்ணூர்ப் பக்கத்துச் சேறு என்றால் அனல்மின் நிலையச் சாம்பலின் கண்ணாடி உருண்டைகளும் கூடவே வரும். புதிதாகச் சேரும் மாணவர்கள் அவற்றைக் குட்டி ஓடுகள் என்று பொறுக்கி வைப்பதுண்டு. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் ஓடு நுரைக்கும், சாம்பல் உருண்டை சும்மா கிடக்கும்.

மாசு கூடக் கூட இனங்களின் எண்ணிக்கை குறையும். எதையும் தாங்கும் அமோனியா (வாயு அல்ல, ஃபோராமினிஃபெராவில் ஒரு பேரினத்தின் பெயர்) போன்ற சில பேரினங்களே தட்டை நிறைக்கும். கடைசி அறை வீங்கியது, வாய் இரண்டானது, இரண்டு ஓடு ஒட்டிப் பிறந்தது என்று உருக்குலைந்தவையும் கண்ணில் படும். செய்திக்கு இந்தப் படங்கள்தான் பிடிக்கும். எனக்கு இங்கேதான் தயக்கம். வடகிழக்குப் பருவமழையில் நன்னீர், கோடையில் கடலைவிட உப்பு என்று தடுமாறும் கழிமுகத்தில், எந்த ஆலையும் இல்லாவிட்டாலும் சில ஓடுகள் கோணலாகத்தான் வளரும். கோணல் ஓட்டை மட்டும் காட்டி 'உலோகம்' என்று எழுதுவது அவசரம். அதே சேற்றின் உலோக அளவு, மண் துகள்களின் பருமன், கரிமப் பொருள், மாசில்லாத ஓரிடத்தின் மாதிரி எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடே கிடைக்காத மாதிரியையும் உடனே நம்பிவிட முடியாது. அமிலத்தன்மை ஏறிய சேறு சுண்ணாம்பு ஓட்டைக் கரைத்திருக்கலாம்.

இந்த முறையின் உண்மையான பலம் ஆழத்தில் இருக்கிறது. குழாயைச் செருகிச் சேற்றை அடுக்கு குலையாமல் எடுத்தால், ஆலை வருவதற்கு முன் அங்கே என்ன வாழ்ந்தது என்பதும் கையில் கிடைக்கும். சுமார் 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரை அடுக்குகளுக்கு வயது சொல்லலாம். நார்வேயில் துத்தநாக உருக்காலைக் கழிவு சேர்ந்த சோர்ஃபியோர்டு என்ற குறுகிய கடல் நுழைவாயில் எலிசபெத் ஆல்வே என்ற ஆய்வாளர் இப்படித்தான் சேற்றுத் தூண்களில் உலோகத்தையும் ஓடுகளையும் சேர்த்துப் பார்த்தார். 1991-இல் அந்த ஆய்வு வெளியானது. தண்ணீர் பாட்டிலில் இருபது வருடத்துக்கு முந்தைய நிலைமையைத் தேட முடியாது.

எனவே உங்கள் ஊர்க் கழிமுகத்தைத் தூர்வாரும் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால், தமிழில் தரும் சுருக்க அறிக்கையில் சேற்று மாதிரி எங்கே, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து கேளுங்கள். காற்றுப் படாத கருஞ்சேற்றில் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் உலோகங்கள், கிளறிக் காற்றுப் பட்டால் மறுபடி தண்ணீருக்குள் வரும். அடுக்குகளும் கலந்துவிடும். தூர்வாரிய பிறகு எடுக்கும் மாதிரியில் பழைய கணக்கைப் பார்க்க எங்களாலும் ஆகாது.