நாலு மரத் தொலைவில் ஒரு பன்றி

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடைய மாமா உரிமம் வைத்திருக்கும் வேட்டைக்காரர். போன மாதம் ஒரு ஒற்றைப் பன்றியை மூன்று முறை சுட்டாராம். மூன்று முறையும் அது தலையை ஒரு உதறு உதறிவிட்டு நடந்தே போனதாம். "அதுக்கு ராந்தாய் இருக்கு, குண்டு படாதுன்னு மாமா சொல்றார் சார். நானும் முறையா வேட்டை கத்துக்கணும்னு இருக்கேன். மொதல்ல இது உண்மையான்னு சொல்லுங்க."

ராந்தாய் பாபி என்றால் தெரியாதவர்களுக்கு: கிழட்டு ஒற்றைப் பன்றியிடம் சங்கிலி போன்ற மந்திரப் பொருள் ஒன்று இருக்கும், அது இருக்கும்வரை குண்டு துளைக்காது என்பது நம்பிக்கை. மலாய்க்காரர்கள் சொல்லி நம்மவர்களும் பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் கை சும்மா இருக்குமா? நேரே கிளம்பிப் போய் மாமாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டீர்கள்?

"நாலு மரம் இருக்கும் வாத்தியாரே."

செம்பனைத் தோட்டத்தில் தூரத்தை மீட்டரில் யாரும் சொல்வதில்லை. மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுவதால் மரமே அளவுகோல். நாலு மரம் என்றால் 36 மீட்டர். அந்த ஒரு பதிலிலேயே ராந்தாய்க்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மாமாவிடம் இருப்பது இங்கே எல்லாரும் வைத்திருக்கும் செனாப்பாங் பாத்தா, நடுவில் மடக்கித் தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி. அந்த 12 என்ன என்று தம்பியைக் கேட்டேன், மில்லிமீட்டர் என்றார். இல்லை. குழலின் உள்ளளவுக்குச் சரியாக ஈய உருண்டைகள் செய்தால் 12 உருண்டை சேர்ந்து ஒரு பவுண்டு நிறுக்கும், அவ்வளவுதான். ஈயத்தின் அடர்த்தியை வைத்துப் போட்டுப் பாருங்கள், விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்று வரும். தராசு வைத்துக் குழலை அளந்த காலத்தின் மிச்சம் அது.

மாமா போடும் தோட்டாவுக்குள் 8.4 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கின்றன. இந்த வகைத் தோட்டாவுக்கு மலாய்ப் பெயர் பெலுரு பெனாபுர். தாபுர் என்றால் விதை தூவுவது, தூவும் தோட்டா. ஆங்கிலப் பெயரைவிட இதில்தான் இயற்பியல் இருக்கிறது என்பேன். ஏனென்றால் குழலை விட்ட கணமே ஒன்பதும் பிரியத் தொடங்குகின்றன. வெடிப்பின் அழுத்தத்தில் சில குண்டுகள் நசுங்கிக் கோணலாகிவிடும். கோணலானது நேராகப் பறக்காது. முன்னால் போவதைக் காற்று தடுக்க, பின்னால் வருவது அதை இடித்து ஒதுக்கும். குழல்வாயைக் குறுக்காத சாதாரணத் துப்பாக்கியில் ஒரு மீட்டர் போவதற்குள் அந்தக் கூட்டம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் அகலும். சோக் என்று சொல்லி வாயை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கியிருந்தால் இது குறையும்.

இனிக் கணக்கு. பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம், பக்கவாட்டில் பார்த்தால், ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா) அகலம். 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குண்டு அங்கே பட்டால்தான் விலங்கு வேதனை இல்லாமல் சட்டென்று சாகும். ஒரு மரத் தொலைவில் ஒன்பது குண்டும் பரவும் வட்டம் 24 சென்டிமீட்டர். ரொட்டிக்குள் ஆறு குண்டு விழும். தூரம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு. ஆக இரண்டு மரத்தில் ரொட்டிக்குள் விழுவது ஒன்றரைக் குண்டு. நாலு மரத்தில்? மறுபடி நாலால் வகுங்கள். 0.4 கூட வராது. பத்து வேட்டுக்கு நாலு குண்டு. குண்டுகள் நடுவில் கொஞ்சம் நெருக்கமாக விழும் என்பதால் நிஜத்தில் சற்று முன்பின் இருக்கும், ஆனால் கதை மாறாது. மாமா சுட்டது மூன்று.

"அதெல்லாம் கணக்குக்கு அடங்காதுலா வாத்தியாரே" என்று மாமா சிரித்தார். சரி, தாளிடமே கேட்டுவிடுவோம் என்றேன். அடுத்த ஞாயிறு, அனுமதி பெற்ற சுடுதளம் ஒன்றில், பள்ளிக்கூடத்தில் வாங்கும் மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாள் மூன்றை அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் நிஜ ரொட்டி சானாய் ஒன்றை வைத்துச் சுற்றிக் கோடு போட்டோம். கோட்டைச் சுற்றி எண்ணெய் ஊறி ஒளிபுகும் வளையம் விழுந்தது. குறி பார்க்க அதுவே நல்ல வசதி என்றார் மாமா. தம்பிக்கு உரிமம் இல்லை, ஆகவே துப்பாக்கியைத் தொடவில்லை. தாளும் அளவுநாடாவும் அவர் பொறுப்பு. ஒரு மரம்: வளையத்துக்குள் ஏழு ஓட்டை. இரண்டு மரம்: இரண்டு. நாலு மரம்: தாளில் மொத்தமே ஐந்து ஓட்டைதான், வளையத்துக்குள் ஒன்றுமில்லை. மாமா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்:

"அப்போ மிச்சம் நாலு எங்கே போச்சு?"

அன்றைக்குத் தாளுக்குப் பின்னால் மண்மேடு இருந்தது, அங்கே போயின. தோட்டத்தில் மண்மேடு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. அந்தக் குண்டு குழலைவிட்டு வரும் வேகம் வினாடிக்குச் சுமார் 400 மீட்டர், ஒலியைவிட வேகம். காற்றே இல்லாத உலகத்தில் 45 பாகையில் சுட்டால், பள்ளிக்கூடச் சூத்திரப்படி, 16 கிலோமீட்டர் போகும். பினாங்குப் பாலம் முழு நீளமும் 13.5 கிலோமீட்டர்தான், பாலத்தின் இந்த முனையில் சுட்டால் அந்த முனையையும் தாண்டிப் போய் விழும். உண்மையில் எவ்வளவு போகும்? ஏறக்குறைய 650 மீட்டர். பதினாறு கிலோமீட்டரில் பதினைந்தரையைக் காற்று தின்றுவிடுகிறது.

நாம் மூச்சு விடுகிற, கண்ணுக்கே தெரியாத இந்தக் காற்றா? ஆமாம். குண்டு ஒவ்வொன்றும் மூன்றரை கிராம். அது ஒரு மீட்டர் முன்னேறும்போது தன் வட்ட முகத்தால் 55 கன சென்டிமீட்டர் காற்றை முட்டித் தள்ளியாக வேண்டும். அந்தக் காற்றின் எடை ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு. அற்பம்தான். ஆனால் 54 மீட்டர் போவதற்குள், ஆறே ஆறு மரம், குண்டு தன் எடைக்குச் சமமான காற்றை இடித்து விலக்கியிருக்கும்! கூட்டத்துக்குள் ஓடுகிறவன் மாதிரி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் படியேறும் கூட்டத்தை எதிர்த்து ஒருவன் ஓடி இறங்கினால் எத்தனை அடி ஓடுவான்? புறப்படும் கணத்தில் குண்டைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை, புவி அதைக் கீழே இழுக்கும் விசையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். குண்டு தரைக்கு வந்து சேரப் புவியீர்ப்புதான் காரணம் என்று பாடத்தில் படித்தோம்; தூரத்தைத் தீர்மானிப்பது காற்று.

குண்டு சிறியதானால் இன்னும் மோசம். விட்டத்தைப் பாதியாக்கினால் முட்டும் முகம் காலாகிறது, எடையோ எட்டில் ஒன்றாகிறது. தள்ளுகிறவன் காலாகக் குறைந்தான், தாங்குகிறவன் எட்டில் ஒன்றாகக் குறைந்தான். ஆக இரண்டு மடங்கு சீக்கிரம் நிற்கிறது. அதனால்தான் எட்டும் தூரம் குண்டின் விட்டத்துக்கு நேர்விகிதமாக வருகிறது. ஜூர்னே என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி சொன்ன விதி இது: விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 80 மீட்டர். பறவை சுடும் 2.4 மில்லிமீட்டர் ரவை 190 மீட்டரில் விழுந்துவிடும். மாமாவின் குண்டுக்கு 650. இது உருண்டைகளுக்கு மட்டும். கூர்முனைத் தோட்டா காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் சின்ன.22 ரைபிள்கூட ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும்.

இப்போது பன்றிக்குத் திரும்புவோம். நாலு மரம் கடப்பதற்குள் குண்டின் வேகம் 400-லிருந்து 300-க்கு இறங்கிவிடுகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடி. ஆக கையிலிருந்ததில் பாதியை ஒட்டித்தான் மிச்சம். எதிரே நிற்பது ஒற்றைக் கிடா. கிடாக்கள் தந்தத்தால் ஒன்றையொன்று குத்திச் சண்டை போடுவதால், அவற்றின் தோள்பட்டைத் தோலுக்கடியில் குருத்தெலும்பு மாதிரி கெட்டியான ஒரு கேடயம் வளர்கிறது. மேலே சேறு காய்ந்து அப்பியிருக்கும். பாதி ஆற்றலோடு ஒரு குண்டு அங்கே பட்டால் பன்றி உதறிக்கொண்டுதான் போகும். போய் எங்கோ புதருக்குள் புண் புரையோடி நாள்கணக்கில் சாகும். ராந்தாய் என்று நாம் சொல்வதன் மறுபக்கம் அது. அந்தக் கொடுமையை மந்திரத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோமே, அதில்தான் எனக்குக் கோபம். முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துவிட்டுக் காட்டுக்குள் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் தூரத்தை அளந்து சொல்வதில்லை.

தவறிய குண்டுகளுக்கு வருவோம். அவை 650 மீட்டர்வரை எங்கேயும் போகலாம். பறந்து களைத்து விழும்போதுகூட மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஒரு கண்ணைப் பறிக்க அது ஏராளம். வயல் நீரிலும் செம்மண் கல்லிலும் சாய்வாகப் பட்டால், குளத்தில் சில்லு எறிந்த மாதிரி எகிறிப் போகும். எனவே பரண் கட்டி மேலிருந்து கீழ்நோக்கிச் சுடு என்று பழைய ஆட்கள் சொன்னது சோம்பலால் இல்லை. நாலைந்து மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மரத்துக்குள் சுட்டால், பன்றியைத் தவறவிட்ட குண்டுகள் அதற்குச் சற்றுப் பின்னால் மண்ணுக்குள் புதையும். தரைதான் மண்மேடு.

விரலை விசையில் வைக்காதே, எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினை, காண் (வாய்க்கால்) தாண்டும்போது துப்பாக்கியை மடக்கித் திற, இதெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். இருட்டில் விளக்கடித்துக் கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூனை, நாய், மான் கண்களில் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது, நமக்கும் கிடையாது. பளிச்சென்று மின்னினால் அது பன்றியில்லை. மின்னாவிட்டால் பன்றியாகவும் இருக்கலாம், விடியுமுன் பால் வெட்டவந்த மனுஷனாகவும் இருக்கலாம். பன்றியென்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆரஞ்சுச் சட்டை போடத் தயங்கவேண்டாம். பன்றிக் கண்ணுக்குச் சிவப்புப் பக்கத்து நிறங்கள் எடுப்பாகத் தெரியாது, கூட வந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

சட்டம்: 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தீபகற்பத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, சுட பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் தனி. ஜெராட் (சுருக்குக் கண்ணி) கட்டுவது குற்றம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவுக்குள் வந்தது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும். நாட்டில் 150-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் காட்டுப் புலிகளின் முக்கிய இரை இந்தப் பன்றிதான். புலியை எண்ணப் பணம் ஒதுக்கினால் எல்லாரும் கைதட்டுவோம். பன்றியை எண்ணப் பணம் கேட்டுப்பாருங்கள், முகம் சுளிப்போம். எத்தனை இருக்கிறதென்று எண்ணாமல் எத்தனை சுடலாம் என்று யார் சொல்வது? செத்துக் கிடக்கும் பன்றியைப் பார்த்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், காலணியைக் கழுவிவிட்டு அடுத்த தோட்டத்துக்குள் போங்கள். அதற்கு மானியம் தேவையில்லை.

போன வாரம் தம்பியிடமிருந்து செய்தி. மாமா பரணுக்கு முன்னால் இரண்டாவது மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டாராம். சாயங்காலம் அதே ஒற்றைப் பன்றி வந்து, மூன்றாவது மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழத்தைக் கால் மணி நேரம் தின்றதாம். மாமா துப்பாக்கியை மடியிலேயே வைத்திருந்தாராம். துணியைத் தாண்டி அது வரவேயில்லை. பெரட்டலுக்கு அரைத்து வைத்திருந்த மசாலாவை அத்தை சார்டினில் போட்டுவிட்டாராம்.