ஸ்டேப்லர் தாடையில் ஒட்டும் அந்த மெல்லிய பட்டை

"சிஸ்டர், அடுத்த லோட் பட்டையோட குடுங்க." லோட் என்பது ஸ்டேப்லரில் போடும் புதுப் பின் தொகுதி. பட்டை என்பது பின் குத்தும் இடத்தைப் பலப்படுத்த ஸ்டேப்லர் தாடையில் பொருத்தும் மெல்லிய துண்டு. சர்ஜன் இதைச் சொன்னதும் எனக்குக் கிடைப்பது அரை நிமிஷம்தான். லேப்ராஸ்கோப்பி திரையில் இரைப்பை காத்திருக்கும், மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். 16 வருஷமாக தியேட்டரில், சர்ஜனுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாக நிற்கிறேன். அந்த அரை நிமிஷத்தில் எங்கள் விரல்கள் செய்யும் வேலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புதிதாகத் தியேட்டருக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும், ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வயிறு, குடல், நுரையீரல் ஆபரேஷன்களில் உள்ளே போகும் ஸ்டேப்லருக்கு முதலை வாய் போல இரண்டு தாடைகள் உண்டு. ஒன்றில் பின்கள் அடுக்கிய கார்ட்ரிட்ஜ் உட்காரும். எதிரே இருப்பது ஆன்வில், பின்னை வளைத்து மடக்கும் பலகை. ஃபயர் செய்தால் பக்கத்துக்கு மூன்று வரிசை பின் இறங்கும், நடுவில் கத்தி ஓடி இரண்டாக வெட்டிவிடும். ஒவ்வொரு பின்னும் ஆங்கில 'பி' எழுத்து வடிவத்தில் மடங்க வேண்டும். 1908-ல் புடாபெஸ்டில் ஹ்யூமர் ஹுல்ட்ல் முதல் ஸ்டேப்லரைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வடிவம் மாறவே இல்லை. அந்த வளைவுக்குள் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்காமல் ஓடும், பெரிய கசிவு நிற்கும்.

பிறகு எதற்குப் பட்டை? எம்பிஸீமா, அதாவது காற்றுப் பைகள் சிதைந்துபோகும் நோய், வந்த நுரையீரலைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கும். பின் குத்திய துளை வழியாகவே காற்று கசியும். துணி நைந்துபோன இடத்தில் பட்டன் தைக்கும்போது அடியில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைப்போம் இல்லையா, அதே யோசனைதான். 1994-ல் அமெரிக்க சர்ஜன் ஜோயல் கூப்பர், மாட்டு இதயத்தின் மேலுறையிலிருந்து செய்த பட்டைகளை ஸ்டேப்லரில் பொருத்தி இந்தக் காற்றுக் கசிவைக் குறைத்த முறையை எழுதினார். எடை குறைப்புக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனிலும் இன்று இந்தப் பட்டையைப் பார்க்கிறோம்.

பொருத்தும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலதில் ஜெல் தடவி ஒட்ட வேண்டும். சிலது உறை மாதிரி, தாடையில் மாட்டிவிட்டுப் பிறகு நூலை இழுத்து விடுவிக்க வேண்டும். கார்ட்ரிட்ஜிலேயே பொருத்தி வருவதும் உண்டு. நூலை எந்தக் கட்டத்தில் இழுப்பது என்பது டப்பாவுக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். கேஸ் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

எது வந்தாலும் என் கை ஒரே ஒழுங்கில்தான் போகும். ஒரு ஃபயர் முடிந்து ஸ்டேப்லர் வெளியே வந்ததும் தாடையை ஸலைனில் அலசுவேன். ஆன்விலில் ஒட்டியிருக்கும் மிச்சப் பின் ஒன்று போதும், அடுத்த ஃபயரில் கத்தி சிக்கிக்கொள்ளும். ஆனால் அலசிய ஈரத்தோடு பட்டையை வைத்தால் நிற்காது. அதனால் புதுக் காஸ் துணியை எடுத்து ஒற்றி ஒற்றித் துடைப்பேன், தாடையின் நடுப் பள்ளம் வரைக்கும். கையுறையில் ரத்தம் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் பட்டையைத் தொடுவேன். முனையோடு முனை சேர்த்து வைத்து, ஓரம் பிதுங்கவில்லை, மடியவில்லை என்று விளக்கடியில் ஒரு முறை திருப்பிப் பார்ப்பேன். பிறகு, "ரெண்டு பக்கமும் பட்டை இருக்கு சார், கார்ட்ரிட்ஜ் பச்சை" என்று வாய் திறந்து சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

கலரைச் சொல்வது சடங்குக்காக இல்லை. எவ்வளவு கனமான சதைக்கு அந்தப் பின் பொருந்தும் என்பதைக் கலர்தான் காட்டும். நீலக் கார்ட்ரிட்ஜ் மூடும்போது பின்னுக்குள் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். பச்சையில் 2 மில்லிமீட்டர். பட்டை பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு பக்கமும் சேர்த்து அரை மில்லிமீட்டர். நீலத்தில் கிடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டைக்கே போய்விட்டது. மீதியில்தான் இரைப்பைச் சுவர் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பின்னின் கால்கள் முழுசாக மடங்காது. வெளியிலிருந்து பார்த்தால் வரிசை அழகாகத்தான் தெரியும், பிடிப்பு இருக்காது. இரைப்பையின் கீழ்ப்பகுதி கனமானது, மேலே போகப் போக மெலியும். பட்டை போட்டால் அந்தந்த இடத்துக்கு எந்தக் கலர் என்பதைத் திரும்பவும் யோசித்தே ஆக வேண்டும். தாடையை மூடியதும் ஃபயர் செய்யாமல் 15 வினாடியாவது அழுத்திப் பிடித்திருக்கும் சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன். சதையில் இருக்கும் நீர் விலகிக் கனம் குறைய அந்த நேரம் வேண்டும்.

அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. 2019-ல் வெளியிட்ட கணக்கு என் மனதிலிருந்து போகவில்லை. 2011 ஜனவரியிலிருந்து 2018 மார்ச் வரை, உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்லர்கள், பின்கள் பற்றி 41,000-க்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்தன. அவற்றில் 366 மரணங்கள். எல்லாம் பட்டை சம்பந்தப்பட்டவை அல்ல. ஆனால் திரும்பத் திரும்ப வந்த குறைகளில் பின் சரியாக மடங்காததும், சதைக்குப் பொருந்தாத அளவுப் பின்னைப் போட்டதும் உண்டு. 2021-ல் இந்தக் கருவிகளைக் கூடுதல் கட்டுப்பாடுள்ள வகுப்புக்கு மாற்றினார்கள்.

பட்டை போட்டால் கசிவே வராது என்று நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. அமெரிக்காவில் 1,89,000-க்கும் அதிகமான ஸ்லீவ் ஆபரேஷன்களை வைத்து 2016-ல் வந்த ஆய்வில், பின் வரிசை பலப்படுத்தப்பட்ட நோயாளிகளுக்கு ரத்தக் கசிவு 0.75 சதவீதம், பலப்படுத்தப்படாதவர்களுக்கு 1 சதவீதம். இரைப்பைக் கசிவோ தலைகீழ்: பலப்படுத்தப்பட்டவர்களுக்கு 0.96 சதவீதம், மற்றவர்களுக்கு 0.65. பட்டைதான் கசிவை உண்டாக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ரத்தக் கசிவைக் குறைக்க உதவும் என்று சொல்லலாம், அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்கக் கூடாது. பட்டைக்குத் தனியாகப் பணம் கட்டப்போகிறவருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

என் ஆரம்ப வருஷங்களில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் தாடையைச் சரியாகத் துடைக்காமல் ஜெல் பட்டையை ஒட்டிக் கொடுத்தேன். ட்ரோக்கார், அதாவது வயிற்றுத் துளையில் செருகிய குழாய், வழியாகப் போகும்போதே ஒரு பக்கத்துப் பட்டை நழுவி வயிற்றுக்குள் விழுந்துவிட்டது. ரத்தத்தில் நனைந்த பிறகு கொழுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பத்து நிமிஷம் அதிகப்படி மயக்கத்தில் கிடந்தது அவர்தான். அன்றிலிருந்து பட்டையையும் காஸ் மாதிரியே எண்ணுகிறேன். உள்ளே போனது எத்தனை, வரிசையில் தைத்திருப்பது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று போர்டில் எழுதச் சொல்கிறேன்.

பட்டை எதில் செய்தது என்று நோயாளியிடம் சொல்வதை எந்தத் தாளும் நமக்காகச் செய்யாது. சில பட்டைகள் செயற்கை இழை, சில மாதங்களில் உடம்பில் கரைந்துவிடும். சில மாட்டிலிருந்து வருகின்றன, பன்றியின் திசுவிலிருந்து செய்தவையும் உண்டு. நம் ஊரில் இதைச் சொல்லாமல் வைப்பது சரியா? போன வருஷம் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு அம்மா, முட்டைகூடத் தொடாதவர், என் கையைப் பிடித்துக் கேட்டார்: "உள்ள ஏதோ வெச்சுத் தைப்பாங்களாமே சிஸ்டர், அது எதுல செஞ்சதும்மா?"

எங்கள் ஷெல்ஃபில் அன்று இருந்தது மாட்டுப் பட்டை. சர்ஜனிடம் போய்ச் சொன்னேன். அவரே வார்டுக்கு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வழிகளையும் சொன்னார்: இந்தப் பட்டை, செயற்கைப் பட்டை, பட்டை இல்லாமல் மேலே ஒரு வரிசை தையல். அந்த அம்மா மகளிடம் கேட்டுவிட்டுச் செயற்கையைச் சொன்னார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அது வந்து சேர்ந்தது. டப்பாவிலிருந்த ஸ்டிக்கரை லாட் நம்பரோடு அவர் கேஸ் ஷீட்டில் நானே ஒட்டினேன்.