பாடு: 'பேஷன் வீக்' என்பதற்கு நம்மிடமே உள்ள சொல்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்துவிட்டால் சென்னை சபைகளில் 'பேஷன் சண்டே', 'பேஷன் வீக்' என்ற பேச்சு அடிபடும். இந்தப் 'பேஷன்' (passion), இயேசு சிலுவையில் பட்ட துன்பம். வெளியாள் யாராவது கேட்டால் தி.நகர் துணிக்கடைத் தள்ளுபடி என்றுதான் நினைப்பார். இதற்குத் தமிழில் 'பாடுகள்' என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. கத்தோலிக்கர் குருத்து ஞாயிறைத் 'திருப்பாடுகளின் குருத்து ஞாயிறு' என்றே சொல்கிறார்கள்.

ஆங்கிலச் சொல் 'பாஸியோ' (passio) என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர்வினைக்குத் தாங்குதல், ஒன்றுக்கு உள்ளாதல் என்று பொருள். "சினிமாதான் என் பேஷன்" என்கிற வேட்கைப் பொருள் பிற்காலத்தது.

'பாடு' என்பது 'படு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர். கெடு கேடு ஆவதும் சுடு சூடு ஆவதும் இப்படித்தான். 'அடிக்கப்பட்டார்', 'தள்ளப்பட்டார்' என்று செயப்பாட்டுவினையில் வருவதும் இதே 'படு'. செயப்பாட்டுவினை என்ற பெயருக்குள்ளேயே பாடு இருக்கிறது, பாருங்கள்! செயப்பாட்டுவினைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பாசிவ்' (passive) என்ற பெயரும் அந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

சொல் அழகாக உட்கார்ந்திருக்கும் இடம் பைபிளில் ஏசாயா புத்தகத்தின் 53-ஆம் அதிகாரம். துன்பப்படும் ஓர் ஊழியரைப் பற்றியது அது; கிறிஸ்தவர்கள் அவரை இயேசுவாக வாசிக்கிறார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 3-ஆம் வசனம் அவரை "மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்", "பாடு அநுபவித்தவரும்" என்கிறது. அடுத்த வசனம், "மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு" என்று போகிறது. எபிரேயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், நேர்ப்பொருள் நோய். பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 4-ஆம் வசனத்தில் "பிணிகளை" என்று அதை ஒட்டிப் போகிறது. பொருளுக்கு அது நெருக்கம். ஆனாலும் எனக்குப் பழையதுதான் பிடிக்கும். ஒதுக்கப்பட்டவர் பட்டதும் பாடு, வாசிக்கிறவர் படுவதும் பாடு. வீட்டிலோ வேலையிலோ வேண்டாம் என்று தள்ளப்பட்டவருக்கு இந்த அதிகாரம் ஆறுதல் தருவது அதனால்தான். அவருடைய பாடும் என் பாடும் ஒரே கணக்கில் வருகின்றன.

இன்னொன்றும் உண்டு. 'பாடுபட்டுச் சேர்த்த காசு' என்னும்போது பாடு என்பது உழைப்பு. பழந்தமிழில் பெருமை என்ற பொருளும் இருக்கிறது. சிலுவையில் நடந்ததை வெறும் அவலமாகப் பார்க்காமல் பிறருக்காகப் பட்ட உழைப்பாகப் பார்க்கிற விசுவாசத்துக்கு இந்தச் சொல் லத்தீனைவிடப் பொருத்தம் என்பேன்.

சரி, இதை வைத்து அடி வாங்கும் பெண்ணிடம் "உன் பாடு, பொறுத்துக்கொள்" என்று போதிப்பதும் நடக்கிறது. அது வேதத்தை வளைப்பது. ஏசாயா 53 அநியாயத்தை அநியாயம் என்றே சொல்கிறது.

அப்புறம் 'பாஸ்கு'. ஊர்ப்பக்கம் பாடுகளின் நாடகத்துக்கு இந்தப் பெயர். ஒலி ஒத்துப்போவதால் 'பாஸியோ' என்ற லத்தீன் சொல்லின் திரிபு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பஸ்கா, எகிப்திலிருந்து விடுதலையான இரவின் பண்டிகை; எபிரேயச் சொல். இந்தக் குழப்பம் நம்மோடு தொடங்கியதும் இல்லை: இரண்டாம் நூற்றாண்டிலேயே சர்தை நகரத்து ஆயர் மெலித்தோன், 'பாடுபடு' என்று பொருள்படும் 'பாஸ்கெய்ன்' என்ற கிரேக்க வினையோடு 'பஸ்கா'வை இணைத்து விளக்கம் சொல்லியிருக்கிறார்.