கென்யா போகிறவர்கள் கேட்க மறக்கும் மாத்திரை

ஜூலை நெருங்கினால், வில்டபீஸ்ட் என்னும் மான் இன விலங்குக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க, கென்யாவின் மாசாய் மாரா சரணாலயத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஆலோசனைக்கு வரத் தொடங்கும். "டாக்டர், மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் வேறு கேள்வி இருக்காது.

அது தேவையான கேள்விதான். கென்யாவிலிருந்து திரும்புபவரிடம் அந்த ஊசிக்கான மஞ்சள் அட்டை இல்லையென்றால், இங்கே விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். இந்தியாவில் அந்த நோய் இல்லை. அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசுவோ தெருவுக்குத் தெரு இருக்கிறது. கெடுபிடிக்குக் காரணம் அதுதான். சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016 ஜூலையோடு போய்விட்டது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்ட ஊசி இது. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், 60 வயதைக் கடந்தவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

மலேரியா தடுப்பு மாத்திரைக்கு அப்படி அட்டை கிடையாது. எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அதனால் பயணியும் கேட்பதில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான்.

சென்னைவாசிகளுக்குப் பழக்கமான வைவாக்ஸ் மலேரியா ஆளை வாட்டி எடுக்கும், அரிதாகவே கொல்லும். கென்யாவில் பெரும்பாலும் பரவுவது பால்சிபாரம் என்ற வேறு வகை. சிகிச்சை தாமதமானால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைத்துவிடும். "நாங்கள் பார்க்காத கொசுவா" என்று சிரிப்பவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் நைரோபியில் ஆபத்து மிகக் குறைவு. ஜூலையில் அங்கே ஸ்வெட்டர்தான் தேவைப்படும். ஆனால் சுற்றுலா போகிறவர் யார் நைரோபியோடு திரும்புகிறார்? மொம்பாசா, டியானி கடற்கரை, விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு, விலங்குகள் சரணாலயங்கள் என்று போகும் இடமெல்லாம் மலேரியா உண்டு.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மலேரியா மாத்திரை குளோரோகுயின் அங்கே உதவாது. கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. மருத்துவர் எழுதித் தரும் தடுப்பு மாத்திரை டாக்சிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, தினமும் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக இதைத் தருவதில்லை. மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரமாவது முன்கூட்டியே தொடங்க வேண்டும். வலிப்போ மனநலச் சிக்கலோ உள்ளவர்களுக்கு ஆகாது. இரண்டையும் ஊர் திரும்பிய பின் 4 வாரம் தொடர வேண்டும். பெட்டியைப் பிரித்த அன்றே மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமி ரத்தத்துக்கு வரும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டாமா?

மலேரியாவுக்கே தடுப்பூசி வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். 2019-இல் கென்யாவில் அறிமுகமானது அங்குள்ள குழந்தைகளுக்கானது, பயணிகளுக்கு அல்ல. மாத்திரை சாப்பிட்டாலும் பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு, வலைக்குள் தூக்கம் மூன்றும் வேண்டும். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள். 2017 முதல் அங்கே அந்தப் பைகளுக்குத் தடை.

திரும்பி ஒரு வாரத்துக்குப் பிறகு, ஏன், மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். "கென்யா போய் வந்தேன்" என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். இல்லையென்றால் இங்கே டெங்குவைத் தேடித்தான் முதல் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். மலேரியா பரிசோதனையில் ஒருமுறை கிருமி தென்படவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம். காய்ச்சல் விடவில்லையென்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், மூன்று முறை வரை.