மானியக் கோரிக்கை நிலைக்குழுவுக்குப் போனபின் என்ன நடக்கிறது?

ஆண்டுதோறும் பிப்ரவரி நடுவில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படும். பட்ஜெட் வாசித்தாயிற்று, பொது விவாதமும் முடிந்தது, எம்.பி.க்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்போம். ஒவ்வோர் அமைச்சகத்தின் செலவுக் கணக்கையும் உறுப்பினர்கள் உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பது அந்த இடைவேளையில்தான். அவை மீண்டும் கூடியபின் அதற்கு நேரம் இருக்காது. நாலைந்து அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது அந்த அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகள், விவாதத்துக்கு வரும். மிச்சமெல்லாம் கடைசி நாளில் 'கில்லட்டின்' முறையில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். 2018-லும் 2023-லும் அந்த நாலைந்துகூட விவாதிக்கப்படவில்லை. அமளிக்கு நடுவே அத்தனை கோரிக்கைகளும் பேச்சின்றி நிறைவேறின.

அதனால்தான் அந்த இடைவேளையில் கணக்கைப் பார்க்கும் எம்.பி.க்கள் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்களின் அறிக்கைகளைப் படிக்கச் சொல்கிறோம்.

1989-ல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு மூன்று குழுக்கள் வந்தன. 1993-ல் அவை 17 ஆயின, 2004-ல் 24. ஒரு குழுவில் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. மானியக் கோரிக்கை மீது வாக்களிக்கும் உரிமை மாநிலங்களவைக்குக் கிடையாது. ஆனாலும் அந்த 10 பேர் இங்கே மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

குழுவால் என்ன முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு ரூபாயைக்கூட அதனால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மக்களவைக்கே, அரசமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவின்படி, ஒரு கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ குறைக்கவோதான் அதிகாரம் உண்டு, கூட்ட முடியாது. குழு அறிக்கையில் வெட்டுத் தீர்மானத்தின் (கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) சாயலில் எதுவும் இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. அன்றாட நிர்வாகத்துக்குள்ளும் குழு போகக் கூடாது. பரிந்துரைகளுக்கு 'ஆலோசனை' மதிப்பு மட்டுமே.

அப்படியென்றால் எதற்கு இந்தக் குழு? எழுத்தில் பதில் வாங்குவதற்கு. அதன் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பட்ஜெட் வந்ததும் குழுச் செயலகம் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வினாப்பட்டியல் அனுப்பும். துறை எழுத்தில் பதில் தர வேண்டும். பிறகு துறைச் செயலாளர், நிதி ஆலோசகர் உள்ளிட்ட அதிகாரிகள் குழுமுன் வந்து சாட்சியம் அளிப்பார்கள். அமைச்சரை அழைப்பதில்லை. கூட்டம் மூடிய அறையில் நடக்கும், ஒளிபரப்பு கிடையாது. கேமரா இல்லாததால் கட்சிக் கோஷமும் குறைவு. ஆளுங்கட்சி உறுப்பினரே செயலாளரைக் கிடுக்கிப்பிடி போடுவது இங்கே சகஜம். வாய்மொழியாகச் சொல்ல முடியாததற்குச் சில நாளில் எழுத்துமூலம் பதில் வரும். அதன்பின் வரைவு அறிக்கை தயாராகி, குழு ஏற்று, மார்ச்சில் அவையில் வைக்கப்படும். மாறுபட்ட கருத்துள்ள உறுப்பினர் தன் மறுப்புக் குறிப்பை அறிக்கையோடு சேர்க்கலாம். ஓர் அமைச்சகத்துக்கு ஓர் அறிக்கை. கூடுதல் அவகாசம் கேட்க விதியில் இடமில்லை.

இனி அறிக்கைக்குள் பார்க்க வேண்டியது. எந்தத் திட்டத்துக்கும் பட்ஜெட் ஆவணத்தில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. செய்திகளில் பெரும்பாலும் கடைசிப் பத்தி மட்டும் வரும். விஷயம் இருப்பது நடுவில் உள்ள இரண்டில்.

குடிநீர்க் குழாய் இணைப்புக்கான ஜல் ஜீவன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2024-25-க்கான பட்ஜெட் மதிப்பீடு 70,163 கோடி ரூபாய். அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. 2025-26-க்கு 67,000 கோடி. கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் ஒதுக்கீடு ஏறக்குறைய அப்படியே இருப்பதாகத் தோன்றும். நடுவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெட்டப்பட்டது கண்ணில் படாது. ஏன் செலவாகவில்லை, எந்த மாநிலங்களுக்கு எப்போது தவணை போனது, அடுத்த ஆண்டு மட்டும் 67,000 கோடியை எப்படிச் செலவழிப்பீர்கள்? குழு கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

இதற்கு நேர்மாறானது நூறு நாள் வேலைத் திட்டம். 2022-23-ல் 73,000 கோடி என்று தொடங்கித் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடியானது. அடுத்த ஆண்டு அதைவிடக் குறைத்து 60,000 கோடி என்று வைத்து, பிறகு 86,000 கோடியாக்கினார்கள். முதலில் குறைத்து வைத்துவிட்டுப் பின்னால் துணை மானியக் கோரிக்கையில் (ஆண்டின் நடுவே கூடுதலாகக் கேட்கும் தொகை) ஈடுகட்டும்போது, நடுவில் உள்ள மாதங்களில் காசு தீர்ந்து கூலிப் பாக்கி சேர்கிறது. வேலை செய்தவருக்கு அந்த இடைவெளி எத்தனை கொடுமை என்பதை எந்தப் பத்தியும் காட்டாது.

அறிக்கையில் மட்டுமே கிடைக்கும் இன்னொரு எண் உண்டு. துறை நிதியமைச்சகத்திடம் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்பது. பட்ஜெட் ஆவணத்தில் 'கிடைத்தது' மட்டும்தான் இருக்கும். குழு எழுத்தில் கேட்பதால் 'கேட்டது' வெளியே வருகிறது. கேட்டதும் கிடைத்ததும் வெகுவாக வேறுபட்டால், எந்த வேலையைக் கைவிடப்போகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி.

செலவின் வேகமும் முக்கியம். கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கும் மேல் செலவழிக்கக் கூடாது என்று நிதியமைச்சகம் வரம்பு வைத்திருக்கிறது. ஜனவரி வரையிலான செலவைக் குழு கேட்டு வாங்குவது, மார்ச் அவசரம் எவ்வளவு வரப்போகிறது என்று முன்கூட்டியே கணிப்பதற்குத்தான். பணம் தேங்குவதற்குத் துறைகள் சொல்லும் வழக்கமான காரணம், மாநிலங்களிடமிருந்து பயன்பாட்டுச் சான்றிதழ் (கொடுத்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்று) வரவில்லை என்பது. பல நேரம் அது உண்மையும்கூட. எந்த மாநிலம், எந்த ஆண்டு, எத்தனை கோடி என்று பட்டியல் கேட்காத குழு அந்தப் பதிலோடு ஏமாந்துவிடும்.

எங்கே கோளாறு நடக்கிறது? முதலாவது நேரம். பல குழுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அமைச்சகங்களை அந்தச் சில வாரங்களில் முடித்தாக வேண்டும். ஒரு துறைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு அமர்வு. துறையின் எழுத்துப் பதில் அமர்வுக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தால், உறுப்பினர் அதைப் படிக்காமலேயே உள்ளே வருவார். இரண்டாவது, குழுவின் ஆயுள் ஓராண்டு. ஒரு துறையின் கணக்கு பிடிபடும் நேரத்தில் உறுப்பினர் வேறு குழுவுக்கு மாறிவிடக்கூடும். மூன்றாவது, நாடாளுமன்றத்துக்கென்று தனியே பட்ஜெட்டை ஆராயும் அலுவலகம் இல்லை. துறை தரும் எண்ணைத் துறையிடமே சரிபார்க்க வேண்டிய நிலை. தேர்தல் ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 2019 ஜூலையில் முழு பட்ஜெட் வந்தபோது கோரிக்கைகள் குழுக்களுக்குப் போகாமலேயே வாக்கெடுப்புக்கு வந்தன.

பரிந்துரைக்கு அரசு மூன்று மாதத்தில் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும். அதன்மீது குழு இன்னோர் அறிக்கை தருகிறது. அதில் அரசு ஏற்றவை, பதிலைக் கண்டு குழு விட்டுவிட்டவை, பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் வராதவை என்று அத்தியாயங்கள் பிரிந்திருக்கும். 'ஏற்றவை' என்ற அத்தியாயத்தை நம்பி அப்படியே எண்ணிவிடாதீர்கள். 'குழுவின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்ற ஒற்றை வரிப் பதிலும் அங்கேதான் இருக்கும். தேதியும் தொகையும் உத்தரவும் உள்ள பதிலைத்தான் ஏற்றதாகக் கொள்ள வேண்டும். பதிலைக் குழு ஏற்காதவை உள்ள அத்தியாயம் சிறியதாக இருந்தாலும் முதலில் அதைப் படியுங்கள். குழு விட்டுக்கொடுக்காத விஷயம் அங்கே இருக்கிறது. நல்ல பரிந்துரை அந்த ஆண்டின் தொகையை மாற்றாவிட்டாலும் துணை மானியக் கோரிக்கையிலோ அடுத்த ஆண்டின் மதிப்பீட்டிலோ தலைகாட்டும்.

இந்த அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன என்பது பெரிய குறை. இரு அவைகளின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். அறிக்கையில் தடித்த எழுத்தில் இருப்பவை குழுவின் கருத்துகள். சாதாரண எழுத்தில் இருப்பவை துறையின் பதில்கள். நேரமில்லாதவர் தடித்த எழுத்தை மட்டும் படித்தாலும் போதும்.

உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதும் அங்கேயே தெரியும். ஒரு திட்டத்தைப் பற்றிக் கேட்கச் சொல்வதானால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே எழுதுங்கள். மார்ச்சில் எழுதினால் அறிக்கை அச்சுக்குப் போயிருக்கும். 'நிதி போதவில்லை' என்று எழுதினால் அது மனுவோடு நின்றுவிடும். கோரிக்கை எண், திட்டத்தின் பெயர், பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உங்கள் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த தொகை ஆகிய ஐந்தையும் ஒரே பக்கத்தில் போட்டு அனுப்பினால், குழுவின் வினாப்பட்டியலில் அதை அப்படியே சேர்த்துவிடலாம்.