வெளிநாட்டு மருத்துவக் கிளை வளாகத்தில் சேரும் முன்: இந்திய உரிம விதி சொல்வதும், விளம்பரங்கள் மறைப்பதும்

ஒரு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி இன்னொரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு, வேறொரு நகரத்திலோ வேறொரு நாட்டிலோ புதிய கிளை தொடங்குவது அந்தந்த நாட்டுச் சட்டப்படி முறையானதாகவே இருக்கலாம். அங்கே படித்துப் பெறும் பட்டத்தைக் கொண்டு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைச் சேர்க்கையின்போது எவரும் எழுப்பாததால், ஐந்தாறு ஆண்டுகளையும் பெற்றோர் நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணத்தையும் இழந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படிப்பில் தோற்றவர்கள் அல்லர். சேர்ந்த அன்றே பொருந்தாத ஒரு நிபந்தனை, திரும்பி வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

பின்னணி சுருக்கமானதுதான். 2020 செப்டம்பர் 25 முதல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் செயல்படுகிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான உரிம விதிமுறைகளை அந்த ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று அரசிதழில் வெளியிட்டது. அதற்கு முன்பே படித்துக்கொண்டிருந்தவர்களை அவ்விதிமுறைகள் கட்டுப்படுத்துவதில்லை. இப்போது புதிதாகச் சேரும் எவரும் அவற்றிலிருந்து தப்ப முடியாது. கிளை வளாகங்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் அவற்றில் தரப்படவில்லை.

விதிமுறையின் சாரம் இது: மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நடக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தது 12 மாதப் பயிற்சி மருத்துவர் பணியை அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிக்க வேண்டும். கற்பிக்கும் மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, பயிற்சி மருத்துவர் பணி ஆகிய அனைத்தும் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே நிறுவனத்தில் நடந்திருக்க வேண்டும். அவற்றின் எந்தப் பகுதியும் இந்தியாவிலோ, பட்டம் வழங்கிய நாட்டைத் தவிர்த்த வேறு நாட்டிலோ நடந்திருக்கக் கூடாது. பட்டம் வழங்கிய நாட்டில், அந்நாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் உரிமத்துக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் உரிமத்துக்கான பதிவும் வேண்டும். இத்தனைக்கும் பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வும், மீண்டும் 12 மாதப் பயிற்சியும் உண்டு.

ஒரே நிறுவனம், ஒரே நாடு

கூட்டு ஒப்பந்தத்தில் இயங்கும் கிளைகளில் சேருவோர் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இந்த நிபந்தனையில்தான். முதல் ஆண்டை இந்தியாவிலேயே படித்துவிட்டுப் பிறகு வெளிநாடு செல்லலாம் என்று சொல்லும் திட்டம் எதுவானாலும், அதை நடத்துபவர் எவ்வளவு பெரிய பெயர் பெற்றவராக இருந்தாலும், விதிக்கு எதிரானது. அடிப்படை அறிவியல் பாடங்களை ஒரு நாட்டிலுள்ள கிளையிலும், மருத்துவமனைப் பயிற்சியைத் தலைமைப் பல்கலைக்கழகம் இருக்கும் இன்னொரு நாட்டிலும் நடத்தும் ஏற்பாடும் அப்படியே. கரீபியத் தீவுகளில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி பெறும் முறை, அமெரிக்காவிலேயே மருத்துவராக விரும்புவோருக்குப் பயன்படலாம். இந்தியாவுக்குத் திரும்ப விரும்புவோருக்கு அது வழியை அடைத்துவிடும்.

இவற்றைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. வகுப்பு நடப்பது ஒரு நாட்டில், பட்டச் சான்றிதழில் முத்திரையிடுவது வேறு நாட்டிலுள்ள பல்கலைக்கழகம் என்று அமைந்துவிட்டால், பட்டம் வழங்கிய நாட்டில் மாணவர் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை என்ற நிலை வருகிறது. கையேட்டில் இதை உலகத் தரப் பட்டம் என்று பெருமையாக அச்சிடுவார்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அதே பெருமைதான் நிராகரிப்புக்குக் காரணமாகிறது. ஆகவே கிளையில் சேருவதற்கு முன், பட்டச் சான்றிதழின் மாதிரி நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கி, அதில் எந்த நிறுவனத்தின் பெயர், எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மாதிரியைத் தர மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மருத்துவமனையைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். புதிய கிளைகளுக்குச் சொந்த மருத்துவமனை இருப்பது அரிது. கூட்டாளிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையிலோ, வேறு ஏதேனும் பொது மருத்துவமனையிலோ மாணவர்களை அனுப்பிவிட்டு, அதை ஒப்பந்த மருத்துவமனை என்பார்கள். அந்த மருத்துவமனை உங்கள் கல்லூரியின் கற்பிக்கும் மருத்துவமனையாக அந்நாட்டு அரசின் ஆவணத்தில் காட்டப்பட்டிருக்கிறதா, பயிற்சிச் சான்றிதழை யார் கையொப்பமிட்டுத் தருவார்கள் என்பதை முதலாண்டுக்கு முன்பே கேட்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் கேட்டுப் பயனில்லை.

54 மாதக் கணக்கில் நடக்கும் வித்தை

ஆறு ஆண்டுப் படிப்பு என்று சொன்னால் 72 மாதங்கள் ஆகிவிட்டன, பிறகென்ன கவலை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த ஆறு ஆண்டில் மொழிப் பயிற்சி எத்தனை மாதம், மருத்துவத்துக்கு முந்தைய அறிவியல் படிப்பு எத்தனை மாதம், பயிற்சி மருத்துவர் பணி உள்ளே அடங்கியிருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள். மருத்துவப் பாடங்கள் மட்டும் 54 மாதங்கள், அதற்கு மேல் பயிற்சி 12 மாதங்கள், ஆகமொத்தம் 66 மாதங்கள் என்று தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டவுடன் சில முகவர்களின் பேச்சு மாறிவிடுவதை நீங்களே காண்பீர்கள்.

நீட் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்வோரும் நீட் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுச் சேர்க்கைக்கு அந்த முடிவு மூன்று ஆண்டுகள் செல்லும். இப்போது சேர்ந்துகொள்ளுங்கள், அடுத்த ஆண்டு வந்து நீட் எழுதிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சேர்க்கைத் தேதிக்கு முன்பே தகுதி பெற்றிருக்க வேண்டும்.

உரிமம்: உள்ளூர் மாணவர் இருக்கிறாரா என்று பாருங்கள்

அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையான உரிமம் வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சில நாடுகளில் மருத்துவ உரிமம் பெற உள்ளூர் மொழியில் தேர்வு எழுத வேண்டும். சில நாடுகளில் குடியுரிமையே கேட்பார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்காக மட்டுமே ஆங்கிலத்தில் நடத்தப்படும் ஒரு படிப்பு, அந்நாட்டு உரிமத்துக்கு வழி திறக்காத படிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. எனவே கிளை வளாகத்தைப் பற்றி விசாரிக்கும்போது, இதே படிப்பில் இதே வகுப்பறையில் அந்நாட்டு மாணவர்கள் படிக்கிறார்களா என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால், ஏன் இல்லை என்பதற்குத் தக்க விடை கிடைக்கும் வரை நகராதீர்கள்.

தலைமை வளாகம் நூறாண்டுப் பழைமை உடையது, ஆகவே கிளைக்கும் அதே அங்கீகாரம் உண்டு என்ற வாதத்தையும் ஏற்க வேண்டாம். அங்கீகாரம் வளாகத்துக்கு வளாகம் தனியாகத் தரப்படும் நாடுகள் உண்டு. புதிய கிளைக்கு மாணவர் சேர்க்கை அனுமதி மட்டும் கிடைத்து, பட்டத்துக்கான அங்கீகாரம் முதல் அணி படித்து முடிக்கும்வரை நிலுவையில் இருப்பதும் உண்டு. உலக மருத்துவப் பள்ளிகள் அடைவில் பெயர் இருக்கிறது என்று காட்டுவார்கள். அந்த அடைவில் இடம்பெறுவது அங்கீகாரம் ஆகாது என்று அதை நடத்துபவர்களே சொல்கிறார்கள். 2025இல் தேசிய மருத்துவ ஆணையம் சில வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்களைக் குறிப்பிட்டு மாணவர்களை எச்சரித்தபோது, பெலீஸ் நாட்டுக் கல்லூரிகளோடு உஸ்பெகிஸ்தானில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை வளாகமும் அதில் இடம்பெற்றிருந்தது.

யாரிடம் கேட்பது

ஆணையத்தால் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி என்று விளம்பரம் சொன்னால், அந்த ஒரு வரிக்காகவே அந்த விளம்பரத்தைத் தள்ளிவிடலாம். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்படி ஓர் அங்கீகாரப் பட்டியலை ஆணையம் வைத்திருக்கவில்லை. இந்த இடத்தில்தான் மக்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள். ஆணையத்தைக் கேட்டால் விதிமுறையைப் படித்து நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள் என்று விடை வருகிறது. மாநில மருத்துவக் கவுன்சிலைக் கேட்டால் பதிவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம், விளக்கம் வேண்டுமானால் ஆணையத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். தூதரகம் கல்லூரியைக் கேட்கச் சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையும், ஆங்கிலச் சட்ட வாசகம் பழகாத பெற்றோரும் இரு நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஓர் அமைப்பு, அதே ஆராய்ச்சியைத் தானே செய்வதற்கு அவர்கள் படித்து முடித்துத் திரும்பும் வரை காத்திருக்கிறது. சோதனையைத் தொடக்கத்தில் வைத்தால் காப்பாற்றப்படக் கூடியவர்கள், அது இறுதியில் வைக்கப்பட்டிருப்பதால் வீழ்கிறார்கள்.

அது மாறும்வரை செய்யக் கூடியது ஒன்று உண்டு. கேள்வியைக் கல்லூரியிடமோ முகவரிடமோ கேட்காமல், அந்த நாட்டின் மருத்துவ உரிம அமைப்புக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தக் குறிப்பிட்ட கிளை வளாகத்துக்கு, தலைமை வளாகத்துக்கு அன்று, மருத்துவப் பட்டம் நடத்த அனுமதி இருக்கிறதா. அங்கே பட்டம் பெறும் இந்தியக் குடிமகன் உங்கள் நாட்டுக் குடிமகனுக்கு இணையான உரிமம் பெற முடியுமா என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். வரும் விடையைத் தேதியோடு அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்வதானால், இந்தக் கிளையில் சேரலாமா என்று கருத்துக் கேட்காதீர்கள். கருத்துச் சொல்வது தங்கள் வேலையன்று என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். இந்தக் கிளையைப் பற்றி ஆணையத்தில் உள்ள கடிதங்கள், எச்சரிக்கைகள், முடிவுகள் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். அதற்கு 30 நாட்களில் விடை தர வேண்டும்.

கிளை நடுவில் மூடப்பட்டால்

புதிய கிளைக்கு இருக்கும் பெரிய ஆபத்து, இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் முறிவது. அப்படி முறிந்தால் தலைமை வளாகத்துக்கோ வேறு கல்லூரிக்கோ மாற்றிக் கொடுப்போம் என்று உறுதி தருவார்கள். முழுப் படிப்பும் ஒரே நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்ற விதி அப்போதும் நிற்கிறது. உக்ரைனில் படித்து, போரினால் படிப்பு தடைப்பட்ட இந்திய மாணவர்களுக்கு 2022இல் வேறு நாடுகளில் தற்காலிகமாகப் படிக்க ஆணையம் ஒப்புதல் தந்ததை முகவர்கள் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அது அந்த ஒரு சூழலுக்காக, அந்த மாணவர்களுக்காக மட்டும் தரப்பட்ட தளர்வு. ஒப்பந்தம் முறிந்த கிளையின் மாணவர் அதைக் கேட்டுப் பெற முடியாது. முதலாண்டிலிருந்து தொடங்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே கட்டணத்தை ஆண்டுதோறும், பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும், பல்கலைக்கழகத்தின் ரசீது பெற்றுக் கட்டுங்கள். முழுப் படிப்புக்குமான தொகையை முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பதை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள்.

பெயர் மாறினால் கோப்பு நின்றுவிடும்

திரும்பி வந்தபின் அலைச்சல் பெரும்பாலும் பெயர்களில் தொடங்குகிறது. சேர்க்கைக் கடிதத்தில் கிளையின் பெயர், மதிப்பெண் பட்டியலில் கூட்டாளிப் பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தில் தலைமைப் பல்கலைக்கழகத்தின் பெயர் என்று மூன்று பெயர்கள் இருந்தால், மூன்றும் ஒரே நிறுவனம்தான் என்று நிரூபிக்கும் சுமை மாணவர் தலையில் விழுகிறது. சான்றிதழின் உண்மைத் தன்மையைக் கேட்டு அனுப்பப்படும் கடிதம் தவறான வளாகத்துக்குப் போய், விடை வராமல் மாதங்கள் ஓடிவிடும். அந்நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே, மூன்று பெயர்களுக்கும் உள்ள தொடர்பை விளக்கி, படித்த தேதிகளையும் பயிற்சி நடந்த மருத்துவமனையையும் குறிப்பிட்டு, பதிவாளர் கையொப்பமிட்ட ஒரே கடிதத்தை வாங்கிவிடுங்கள். பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அங்கேயே அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்காக அந்நாட்டு அரசு இடும் சான்று முத்திரை, பெற்றுக்கொள்ளுங்கள்; இங்கிருந்தபடி அதைச் செய்வது பல மடங்கு கடினம்.

மாணவரின் சொந்தப் பெயரிலும் இதே தொல்லை உண்டு. நம் பள்ளிச் சான்றிதழ்களில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் விரிந்து நிற்கும். வெளிநாட்டுப் பட்டத்தில் இரண்டும் இடம் மாறிப் போயிருக்கும். புறப்படும் முன்பே எல்லா ஆவணங்களிலும் கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு புதுப்பிக்கப்பட்டால் பழையதைத் தொலைத்துவிடாதீர்கள். படித்த காலம் முழுவதும் அந்நாட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அதிலுள்ள குடியேற்ற முத்திரைகளையே அதிகாரிகள் புரட்டிப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் படித்தவர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் பொதுவாகத் திட்டமிடப்பட்டுள்ள நெக்ஸ்ட் தேர்வு நடைமுறைக்கு வரும் வரை, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வே தொடர்கிறது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அத்தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டும். ஆவணங்கள் சரியில்லை என்றால் அத்தேர்வின் நுழைவுச்சீட்டே வராது. தேறியவர்கள் மாநிலக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்றுப் பயிற்சிக்கு இடம் தேட வேண்டும். ஒரு மருத்துவக் கல்லூரியில் அதன் மொத்த இடங்களில் 7.5 சதவீதம் அளவுக்கே வெளிநாட்டுப் பட்டதாரிகள் சேர்க்கப்படுவதால், அங்கும் வரிசை இருக்கிறது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கிளையில் சேர்ந்துவிட்டவர்கள் செய்ய வேண்டியது, இந்த வாரமே மேலே சொன்ன இரண்டு கேள்விகளை உரிம அமைப்புக்கு அனுப்புவது. விடை பாதகமாக இருந்து, நீங்கள் முதலாண்டில் இருந்தால், கட்டிய பணம் போனாலும் விலகிவிடுங்கள். நீட் முடிவின் மூன்று ஆண்டுக் காலம் முடியாமல் இருந்தால், அதே முடிவைக் கொண்டு விதிக்குப் பொருந்தும் வேறொரு கல்லூரியில் முதலாண்டில் சேரலாம். விலகும்போது அசல் சான்றிதழ்களைத் தர மறுப்பார்கள் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் எந்த விடுதிக் காப்பாளரிடமும் எந்த முகவரிடமும் தொடக்கத்திலிருந்தே ஒப்படைக்காதீர்கள்.