தூங்குமூஞ்சி மரம்: ‘மழை மரம்’ என எழுதுவது தகுமா?

சிங்கப்பூர்ப் பூங்காக்களைப் பற்றிய தமிழ் எழுத்துகளில் ‘மழை மரம்’ என்னும் சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலையின் இருமருங்கும் கிளை பரப்பி நிற்கும் அம்மரத்திற்குத் தமிழில் பெயரே இல்லை என்பதுபோல, ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்த ஆக்கம் இது. தூங்குமூஞ்சி மரம் என்னும் பெயர் தமிழ்நாட்டில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததாயிற்றே!

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் நடு அமெரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் பரவியது. 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. சமானியா சமான் என்பது அறிவியற்பெயர்.

பழமரம் பழம் தருவது, நிழல்மரம் நிழல் தருவது. அவ்வழக்கின்படி மழை மரம் என்றால் மழை தரும் மரம் என்றே தமிழர் பொருள் கொள்வர். இம்மரமோ மழை தருவதில்லை. ஆங்கிலப் பெயருக்கே ஒருமித்த விளக்கம் இல்லை: மழை வேளையில் இலைகள் மடிவதால் நீர் தடையின்றிக் கீழிறங்குகிறது என்பர் சிலர், மரத்திலுள்ள பூச்சிகள் சிந்தும் நீர் தூறல்போல் விழுவதே காரணம் என்பர் வேறு சிலர். இத்தகைய பெயரை நாம் ஏன் கடன்வாங்க வேண்டும்? மாலையில் ஓர் இலையை அருகிருந்து பார்த்தால், சிற்றிலையின் அடியிலுள்ள சிறு புடைப்பில் ஒருபக்க உயிரணுக்கள் நீரிழந்து தளர, மறுபக்கம் விம்ம, சிற்றிலைகள் இணையிணையாக மடிவது புலப்படும். இந்நிகழ்வையே தமிழ்ப்பெயர் சொல்கிறது. மலாய்க்காரரும் அதே காட்சியைக் கண்டுதான் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி, என்று பெயரிட்டனர்.

தூங்குமூஞ்சி என்பது வசைச்சொல், அறிவிப்புப் பலகைக்கு ஆகாது என்பாரும் உளர். மக்கள் வாயில் வழங்கும் மரப்பெயரில் இழிவு ஏதுமில்லை. அப்படியும் மனம் ஒப்பாதோர் ‘தூங்குமூஞ்சி வாகை’ என எழுதட்டும். தாவரவியலாரே இதனை முன்பு வாகையின் பேரினமான அல்பிசியாவில் சேர்த்திருந்தனர். வெறும் ‘வாகை’ என்பது மட்டும் கூடாது. அது சங்கப் பாடல்களில் வெற்றிக்கு உரிய வேறு மரம்.

வளர்ப்போர்க்கும் இவ்வேறுபாடு முதன்மையானது. தூங்குமூஞ்சி விதையின் தடித்த தோலைச் சிறிது உரசி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைந்து முளைக்கும். கன்றுக்கு நல்ல வெயில் வேண்டும். கிளைப்பரப்பு 30 மீட்டரை எட்டக்கூடும் என்பதாலும், மேலோடும் வேர்கள் நடைபாதையைப் பெயர்த்துவிடும் என்பதாலும், தரைவீட்டின் சிறு முற்றத்தில் இதனை நடலாகாது.

மரத்தைப் பாராமல் அகராதியை மட்டும் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்னொரு பொறியும் உண்டு. ‘பிளேம் ஆப் தி பாரஸ்ட்’ என்று இந்தியாவில் சொன்னால் புரசு. சிங்கப்பூரில் சொன்னால் மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை. இரண்டும் அவரைக் குடும்பம்தான், ஆயினும் புரசின் இலை மூன்று அகன்ற சிற்றிலைகளால் ஆனது. செம்மயிற்கொன்றையின் இலையோ நுண்ணிய பல சிற்றிலைகளாய்ப் பிரிந்தது.